பதினைந்தா, இருபதா

...இல்லை, பத்து வேண்டாம், பத்து இந்த மேசையில் இருக்கவே வேண்டாம், நிருஜன் அதை எடுத்து எங்காவது கண்ணுக்குப் படாத இடத்தில் வைத்துவிட்டால் நல்லது, பார்க்கும்போதே மனம் சுருங்குகிறது, பதினைந்தா இருபதா என்பதுதான் இப்போது பேச்சு, என்று கிருசாந்தி தனக்குள் சொல்லிக்கொண்டு இருபதைக் கையில் எடுத்தாள். குளிர்ந்த அலுமினியத் தட்டு. நடுவில் ஒரு பெரிய வட்டம், அதைச் சுற்றி ஐந்து துளைகள், சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னது, தேத்தண்ணிக் கோப்பை வைக்கும் தட்டை விடச் சற்றே அகலம். காரின் அச்சுக்கும் சில்லுக்கும் நடுவில் இதை வைத்து இறுக்கினால் இதன் தடிப்பளவுக்குச் சில்லு வெளியே தள்ளி நிற்கும், இருபது மில்லிமீற்றர் தடிப்பென்றால் இருபது மில்லிமீற்றர், அவ்வளவுதான் இதன் வேலை. ஜேர்மன்காரர் ஸ்பூர்பிளாட்டன் என்கிறார்கள். கோடை முடியும் மட்டும் இப்படி ஒரு சொல் இருக்கிறதென்றே அவளுக்குத் தெரியாது, இப்போதென்றால் பராமரிப்பு வேலைக்குப் போகும் வீடுகளில் யாராவது முதியவருக்குக் காலுறை மாட்டிவிடும்போதும் வாய் தன்பாட்டுக்கு அதை மென்றுகொண்டிருக்கிறது... ஸ்பூர்பிளாட்டன், ஸ்பூர்பிளாட்டன்... நாற்பத்தாறு வயதில் ஒரு பெண்ணுக்கு இது என்ன பைத்தியம்? பைத்தியம்தான். இருக்கட்டும். எல்லாரும் எதிலாவது பைத்தியமாகத்தானே இருக்கிறார்கள், பட்டுச் சேலைக்குப் பைத்தியமாக இருந்தால் மட்டும் ஏன் யாரும் ஒன்றும் சொல்வதில்லை?

நிருஜன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றான். பிராக்வேடேயில் ரெயில் பாதைக்குப் பின்னால் இருக்கும் இந்த வேலைத்தளத்தை அவன் தனியாக நடத்துகிறான், பீலெஃபெல்ட் தமிழ் ஆட்களின் கார்களில் பாதி அவன் கையில்தான். "அக்கா, இப்பவும் சொல்லுறன், பத்துப் போட்டாலே காணும். உள்ளுக்கை ஒண்டிலையும் முட்டாது. பதினைஞ்சு எண்டாலும் பிரச்சினை வராது. இருபது எண்டா போட்டுப் பாத்துத்தான் சொல்லலாம்." இதைத்தான் அவன் போன கிழமையும் சொன்னான். பனிக்கால ரயர்களோடு அவள் வாங்கிய றிம்கள் வேறு ஒரு மொடலுக்குச் செய்யப்பட்டவை, விளம்பரம் போட்டு விற்ற மனிதர் பொருந்தும் என்றுதான் சொன்னார், பொருந்தத்தான் செய்தது, ஆனால் சில்லு உள்ளே ஒடுங்கிப் போய், உள்விளிம்பு முன்பக்கத்து அதிர்வுதாங்கியின் குழாயில் முட்டுகிற மாதிரி, ஒரு விரல்கூடப் போகாத இடைவெளியில் நின்றது. "இப்பிடி ஓட ஏலாது அக்கா, தட்டு வைக்கோணும்" என்று அன்றைக்கு அவன் சொன்னபோது அவளுக்குக் கவலை வந்திருக்கவேண்டும், வந்ததோ? இல்லை. நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. வைக்கத்தானே வேண்டும் என்றால், எவ்வளவு தடிப்பில் வைப்பதென்று யாரோ ஒருவர் தெரிவு செய்யத்தானே வேண்டும்... அந்த யாரோ நானாக இருந்தால்?

இன்று சனிக்கிழமை. நிருஜன் மூன்று தடிப்பிலும் வரவழைத்து வைத்திருக்கிறான், எதைப் பூட்டினாலும் வாகனங்களைச் சோதிக்கும் டியூஃப் நிறுவனத்தின் பரிசோதகர் பார்த்து ஒப்பம் வைக்கவேண்டும், அந்தப் பரிசோதகர் திருமதி டீமன் சனிக்கிழமை காலையில் மட்டும் இங்கே வருவார், மத்தியானத்தோடு போய்விடுவார். இப்போது அடுத்த கூடத்தில் ஒரு பழைய வானுக்குக் கீழே ரோர்ச் லைற்றோடு நிற்கிறார். அடுத்தது கிருசாந்தியின் கார். அவர் முடியாது என்றால்? கழற்று, வேறு பூட்டு, திரும்ப அடுத்த சனிக்கிழமை வா என்றால்? நாளைக்கு மியூனிக் போகவேண்டுமே, ஆதிரைக்குச் சொல்லியாயிற்றே. மகள் அங்கே படிக்கப் போய் இரண்டாவது பனிக்காலம் இது, போன முறை தொலைபேசியில் சிரித்துக்கொண்டு, "அம்மா, நீங்கள் கார் ஓடிக்கொண்டு வாங்கோ, நாங்கள் ரெண்டு பேரும் மலைக்குப் போவம்" என்றாள். நீங்கள் கார் ஓடிக்கொண்டு வாங்கோ. அந்தச் சொற்களை எத்தனை தரம் எடுத்து எடுத்துப் பார்த்திருப்பாள்? அறுநூறு கிலோமீற்றருக்குக் கிட்ட, தனிய. காசலுக்கு அங்கால் மேட்டில் பனி கொட்டும் என்கிறார்கள், கோடை ரயர்களோ தேய்ந்து மொட்டையாகிவிட்டன, ஆகவே இன்றைக்கு இது முடிந்தால் நாளைக்கு மலை, முடியாவிட்டால் நாளைக்கும் வழக்கம்போல வீடு, கத்தரிக்காய்க் குழம்பு. இருபத்துச் சொச்சம் வருடம் இந்த நாட்டில் இருந்து ஒரு மலைக்குப் போனதில்லை. "பனியில என்ன கிடக்கு பாக்க, வாசல்ல தள்ளுறது காணாதோ?" என்பார் ஜெயச்சந்திரன். அவள் கணவர். சொல்வதில் நியாயம் இல்லாமலும் இல்லை, அதிகாலை வேலைக்குப் போகிற மனிதருக்குப் பனி என்பது தள்ளுகிற சவளும் தூவுகிற உப்பும்தான்.

கார் தூக்கியில் இடுப்பளவுக்கு உயர்ந்து நின்றது. கரும்பச்சை, பின்னால் நீண்ட பெட்டி வைத்த கார், இரண்டு பேரிடம் ஓடி மூன்றாவதாக அவளிடம் வந்தது, என்றாலும் அவள் பெயரில் பதிந்த முதலாவது கார். அதன் மட்காட்டுக்குக் கீழே தலையைச் சரித்துப் பார்த்தாள்... தட்டு இல்லாமல் நிற்கும் பின்சில்லு உள்ளே போய், வெட்கப்படுகிற மாதிரி, வளைவின் இருட்டுக்குள் பதுங்கி நின்றது. எப்போது இதையெல்லாம் பார்க்கத் தொடங்கினாள்? வேலையில்தான். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை, நிறுவனத்தின் சின்ன வெள்ளைக் கார், சிக்னலில் நிற்கும்போது முன்னால் நிற்கிற கார்களின் பின்பக்கத்தைப் பார்க்காமல் வேறெதைப் பார்ப்பது? சில கார்கள் காலை ஒடுக்கிக்கொண்டு நின்றன, மேலே பெரிய உடம்பு, கீழே இடுக்கிய கால்கள், யாராவது தோளில் தட்டினால் விழுந்துவிடும் போல. சில கார்கள் காலை அகட்டி ஊன்றி நின்றன. புதுக் கார்கள்கூட இல்லை, சாதாரணக் கார்கள்தான், ஆனால் ரயரின் வெளிமுகம் மட்காட்டின் விளிம்போடு ஒரே கோட்டில், வழித்துவிட்டது போல வந்து நிற்கும்போது, அந்தக் கார் நான் இங்கேதான் நிற்கிறேன் என்று சொல்வது போல இருந்தது. பச்சை விழுந்து பின்னால் கோர்ண் அடிக்கிற மட்டும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள். காலை ஒடுக்கி இரு, கையை ஒடுக்கி இரு, பஸ்ஸில் ஓரமாக நில், சபையில் பின்னுக்கு இரு... இதெல்லாம் யார் சொன்னது, ஒருவரா இருவரா, சொல்லாமலே அல்லவா உடம்பு பழகிவிட்டது, ஒரு காராவது அகட்டி நிற்கட்டுமே, அதற்கென்ன?

அப்போதுதான் கைபேசி அடித்தது. ஜெயச்சந்திரன். "இன்னும் முடியேல்லையோ?" என்றார். எந்தத் தட்டுப் போடுவதென்று பார்க்கிறோம் என்றாள். "அதில என்ன பாக்கக் கிடக்கு? தேவையானதைப் போடச் சொல்லும்." அத்தோடு ஓம் என்று சொல்லி வைத்திருக்கலாம். எப்போதும் அப்படித்தானே வைப்பாள். ஆனால் கையில் அந்தத் தட்டின் பாரம், அது கையின் சூட்டை வாங்கிக் கொஞ்சம் வெதுவெதுத்துவிட்டிருந்தது, அதுதான் பேசியதோ என்னவோ, "தேவைக்குப் பத்துக் காணுமாம், எனக்கு இருபது வேணும்" என்று வாயில் வந்துவிட்டது. "இருபதோ? ஏன்?" என்றார். "வடிவா இருக்கும்." அந்தப் பக்கம் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது, கோப்பை கழுவிக்கொண்டிருந்திருக்கிறார், பாவம். "வடிவோ? சில்லுக்கோ?" என்றார் கடைசியில், கோபமாக இல்லை, உண்மையாகவே விளங்காமல். பிறகு, "இஞ்சரும், ஒண்டும் பூட்ட வேண்டாம் எண்டு நிருஜனிட்டச் சொல்லும். நான் ட்ராமில வாறன்" என்று வைத்துவிட்டார்.

வருகிறாராம். வந்தால் என்ன நடக்கும் என்று கிருசாந்திக்குத் தெரியும், சண்டை பிடிக்க மாட்டார், குரலை உயர்த்த மாட்டார், நிருஜனின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, தம்பி உமக்குத் தெரியும்தானே, பத்துக் காணும்தானே என்பார், நிருஜன் ஓம் அண்ணை என்பான், அவ்வளவுதான், இரண்டு ஆண்கள் ஒரு காருக்குப் பக்கத்தில் நின்றால் அந்தக் கார் யாருடையது என்பது ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது... தேவையானதைப் போடும். எத்தனை வருடமாகத் தேவையானது! தேவையான அளவு பெரிய வீடு, தேவையான நிறத்தில் திரைச்சேலை, அழுக்குத் தெரியாத நிறம், சப்பாத்தென்றால் வழுக்காத அடி, குளிர்க்கோட்டென்றால் அடுத்த வருடமும் போடக்கூடியது. ஒன்றும் குறை என்று சொல்ல முடியாது, தேவையானதெல்லாம் வந்தது, பிள்ளை படிக்கிறாள், ஒருவரிடமும் கையேந்தவில்லை. ஆனால் தேவை முடிகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தார்களா? பத்துக்கும் இருபதுக்கும் நடுவில் ஒரு பத்து மில்லிமீற்றர் இருக்கிறதே, ஒருவருக்கும் ஒன்றுக்கும் தேவைப்படாத பத்து, சுண்டுவிரல் நகத்தின் அகலம்தான் வரும், அது முழுக்க முழுக்க என்னுடையது, என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு ஒரு படபடப்பும். ட்ராமில் ஏறி, இறங்கி, நடந்து... எவ்வளவு நேரம் எடுக்கும்? ஒன்றும் பூட்ட வேண்டாம் என்று சொல்லும் என்றார். சொல்லவேண்டுமா? "ஆர் அக்கா, அண்ணையோ?" என்றான் நிருஜன். "ஓம்" என்றாள். "என்னவாம்?" அவள் தட்டை அவனிடம் நீட்டினாள். "இருபதைப் பூட்டிப் பாப்பம். கெதியாப் பூட்டும்."

பொய் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான், இரண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது... இருக்கிறதா? நிருஜன் பின்சில்லைக் கழற்றினான், அச்சின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருப்போகத் தேய்த்தான், தட்டை ஏற்றினான், அது ஒரு சின்னக் கிளிக் சத்தத்தோடு போய் உட்கார்ந்தது, ஆகா, அந்தச் சத்தம்! பழைய ஆணிகளின் நீளம் காணாது, தட்டின் தடிப்பளவுக்கு நீண்ட ஆணிகள் வேண்டும், அவற்றையும் எடுத்து வைத்திருந்தான். நான்கு பக்கமும் பூட்டி முடித்து இறக்கியதும் கார் நிலத்தில் குந்தியது. கிருசாந்தி நாலடி பின்னால் போனாள். இன்னும் இரண்டடி போனாள். ஐயோ. பின்பக்கத்தைப் பார், ரயர் வந்து மட்காட்டின் விளிம்போடு கோடு கிழித்தது போல நிற்கிறது, அதே கார்தான், அதே கரும்பச்சைதான், ஆனால் சற்று முன் வரை யாரோ கூப்பிட்டால் வருகிற கார், இப்போது தானாக எழுந்து வந்து நிற்கிற கார், இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிற கார்... இதற்காகவா இவ்வளவு நாளும், ஓம், இதற்காகத்தான், ஒரு சில்லைப் பார்த்து அழுகிற ஆளா நான்? நிருஜன் பார்க்கிறான், பார்க்கட்டும். ஆனால் அவன் அவளைப் பார்க்கவில்லை, முன்சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நூலில் நட் ஒன்றைக் கட்டி முன் மட்காட்டிலிருந்து தொங்கவிட்டான். நூல் நேரே விழவில்லை. ரயரின் தோளில் பட்டு மெல்ல வளைந்து விழுந்தது.

"முன்னுக்குக் கூடிப்போச்சு அக்கா" என்றான். "நூல் முட்டுது பாருங்கோ. மட்காட் ரயரை மூடோணும், இல்லாட்டி டீமன் விடமாட்டா." அவள் குனிந்து பார்த்தாள். ஓம், முட்டுகிறது, மயிரளவுதான், ஆனால் முட்டுகிறது, நூலோடு வாதாட முடியாது. மேசையில் இருந்த பத்து அவளைப் பார்த்துச் சிரிப்பது போல இருந்தது. இப்போது நிருஜன் என்ன சொல்வான், எல்லாத்துக்கும் பத்தே போடுவம் என்பானா, அவரும் வந்துவிடுவார், இரண்டு பேருமாகச் சேர்ந்து... மழை கூரையில் பலமாக விழத் தொடங்கியது. யோசி, யோசி. பின்னுக்கு முட்டவில்லையே. பின்பக்கம்தானே மற்றவர்களுக்குத் தெரிகிறது, சிக்னலில் பின்னால் நிற்கிற யாரோ ஒருத்தி பார்க்கப்போகிறாள். முன்னும் பின்னும் ஒரே அளவு இருக்கவேண்டும் என்று சட்டமா? கேட்டாள். "அப்பிடி ஒண்டும் இல்லை அக்கா, கனபேர் வித்தியாசமாப் போடுறவங்கள்தான்." அப்படியென்றால் அதை முதலே சொல்லியிருக்கலாமே மடையா என்று மனம் சொன்னது, வாய் சொல்லவில்லை. "முன்னுக்குப் பதினைஞ்சு, பின்னுக்கு இருபது" என்றாள். சொன்ன குரல் அவளுக்கே புதிதாக இருந்தது, வேலையில் ஒரு முதியவர் விழுந்துவிட்டால் பதறாமல் இரண்டு பேருக்குக் கட்டளையிடுகிற குரல் அது, வீட்டில் அது வெளியே வந்ததில்லை. நிருஜன் தலையை ஆட்டிக்கொண்டு முன்சில்லைக் கழற்றப் போனான். பதினைந்து ஏறியது. நூல் சிக்காமல், ஆடாமல், நேரே நிலத்துக்கு இறங்கியது.

திருமதி டீமன் அடுத்த கூடத்திலிருந்து வந்தார், நரைத்த தலைமுடியைக் குட்டையாக வெட்டியிருந்தார், கையில் பாதி குடித்த கோப்பிக் கோப்பை. "யாருடைய கார்?" என்று கேட்டு நிருஜனைப் பார்த்தார். "என்னுடையது" என்றாள் கிருசாந்தி, கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டாளோ? அவர் அவளை ஒரு தரம் மேலிருந்து கீழாகப் பார்த்தார், பிறகு காரை அதேபோல் பார்த்தார், குந்தினார், எழும்பினார், தட்டின் விளிம்பில் பொறித்த இலக்கத்தை விளக்கடித்து வாசித்தார், ஆணி எத்தனை சுற்றுப் போகிறதென்று நிருஜனைக் கழற்றிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். நல்லது, நல்லது என்று கிருசாந்தியின் மனம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தது. "பின்பக்கம் தாராளமாகப் போட்டிருக்கிறீர்கள்" என்றார் திருமதி டீமன். தாராளம் என்றால் நல்லதா கெட்டதா? "பாரம் ஏற்றினால் உரசுமா என்று பார்க்கவேண்டும். பின்னால் ஆட்கள் ஏறவேண்டும். யார் இருக்கிறீர்கள்?" நிருஜன் நான் இருக்கிறேன் என்று கையைத் தூக்கினான். "ஒருவர் காணாது." அந்த நேரம் பார்த்துத்தான் வாசலில் குடையை மடக்கித் தண்ணீரை உதறிக்கொண்டு ஜெயச்சந்திரன் வந்து நின்றார்.

அவர் வாயைத் திறந்தார். பூட்டியாச்சோ என்று கேட்கப் போகிறார், அல்லது தம்பி என்று தொடங்கப் போகிறார், கிருசாந்திக்குக் கால் விரல்கள் சப்பாத்துக்குள் மடங்கின. ஆனால் திருமதி டீமன் முந்திக்கொண்டார். "நீங்கள் நல்ல பாரமாக இருக்கிறீர்கள். ஏறுங்கள்." ஜெயச்சந்திரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் அதிகாரத்தில் இருக்கிற ஜேர்மன் பெண் ஒருத்தி ஏறச் சொன்னால் ஏறுகிற பழக்கம் உடம்பில் இருக்கிறது, வந்த நாளிலிருந்து அலுவலகங்களில் பழகியது, குடையோடு போய்ப் பின் ஆசனத்தில் ஏறினார். முழங்கால் முன் ஆசனத்தில் முட்டியது. அவருக்குப் பக்கத்தில் நிருஜன், அவன் மடியில் இரண்டு பழைய பற்றறிகள், பின்பெட்டிக்குள் இன்னும் நாலு. "நீங்கள் ஸ்டியரிங்குக்கு" என்றார் திருமதி டீமன் கிருசாந்தியிடம். அவள் ஏறிக் கதவைச் சாத்தினாள். கண்ணாடியில் பின்னால் அவருடைய முகம் தெரிந்தது. அந்த மனிதரைப் பின் ஆசனத்தில் அவள் பார்த்ததே இல்லை. ஹம் நகரத்துக் கோயிலுக்கு, கலியாண மண்டபத்துக்கு, பாரிசில் நடந்த சாவீட்டுக்கு, எங்கே போனாலும் அவர் இடப்பக்கம் ஸ்டியரிங்கோடு, அவள் வலப்பக்கம் மடியில் சாப்பாட்டுப் பெட்டியோடு, வேலைத் தெருக்களைத் தாண்டி இந்த நாட்டை அவள் முழுக்க வலப்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். லைசன்ஸ் எடுத்த பிறகு அவளுக்குப் பக்கத்தில் இருந்தால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார், காலடிக் கம்பளத்தில் அந்த இடம் மட்டும் தேய்ந்திருக்கும். இப்போது மிதிக்க அவருக்கு முன்னால் ஒன்றும் இல்லை. குடையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.

திருமதி டீமன் ஒரு சரிவுக் கட்டையை இடது முன்சில்லுக்கும் இன்னொன்றை வலது பின்சில்லுக்கும் வைத்தார். "மெதுவாக ஏற்றுங்கள்." கிருசாந்தி கிளச்சை மயிரளவு விட்டாள், கார் முனகிக்கொண்டு ஏறியது, ஒரு பக்கம் சரிந்தது, பின்னால் யாரோ "முருகா" என்றார்கள். "நில்லுங்கள். இப்போது இடப்பக்கம் முழுவதும் திருப்புங்கள்." திருப்பினாள். காது முழுவதும் சில்லுக்குள் போய்விட்டது போல இருந்தது, மழைச் சத்தம் இல்லை, ரெயில் சத்தம் இல்லை, உரசுகிறதா, உரசுகிறதா... "வலப்பக்கம்." திருப்பினாள். எங்கேயோ சர்ர் என்று ஒரு சத்தம். போச்சு. நாளைக்கு மலை போச்சு, ஆதிரைக்கு என்ன சொல்வேன், பத்தைப் போட்டிருந்தால் இந்நேரம், அவர் சொன்னது சரிதான், தேவையானதோடு நின்றிருக்கலாம், ஆசைப்பட்டது பிழையோ, யாருக்குத் தேவை இந்த வடிவு... திருமதி டீமன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்சில்லுக்குக் கீழே படுத்தே விட்டார். பிறகு கையை உள்ளே விட்டு எதையோ பிடுங்கினார். எழும்பி வந்து அவளுடைய கண்ணாடிக்கு நேரே காட்டினார்: நனைந்து சுருண்ட ஒரு பெரிய மேப்பிள் இலை, காம்போடு. "இன்னொரு தரம்" என்றார். இடப்பக்கம், முழுவதும். வலப்பக்கம், முழுவதும். ஒன்றும் இல்லை. அப்படி ஒரு சத்தமின்மையை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை.

"ஒழுங்காக இருக்கிறது" என்றார் திருமதி டீமன், ஒப்பம் வைக்கிற பத்திரத்தை எடுத்துக்கொண்டு. பிறகு போகிற போக்கில், "நன்றாகவும் இருக்கிறது" என்றார். கிருசாந்தி காரை இறக்கி, நிறுத்தி, இறங்கியபோது சிரிக்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை, நிருஜன் பற்றறிகளை இறக்கி வைத்துவிட்டு இரண்டு பெருவிரலையும் தூக்கிக் காட்டினான். ஜெயச்சந்திரன் கடைசியாக இறங்கினார். காரைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். பின்னால் போய் நின்றார், நாலடி விலகினார், இன்னும் இரண்டடி... அவளைப் போலவே! பிறகு யாரும் எதிர்பாராமல் குந்தினார், மட்காட்டின் விளிம்பிலிருந்து ரயருக்கு விரலை வழித்துக்கொண்டு போனார், விரல் எங்கும் தடக்கவில்லை. "இது அந்த இருபதோ?" "ஓம்." "ம்..." என்றார். எழும்பினார். "சும்மா சொல்லக்கூடாது. வடிவாத்தான் நிக்குது." அவளுக்கு அந்த மனிதரைக் கட்டிக்கொள்ளவேண்டும் போல இருந்தது, குடையும் நனைந்த சப்பாத்தும் பின் ஆசனத்தில் கசங்கிய காற்சட்டையுமாக நிற்கிற மனிதரை. தடுக்க வந்தவர்தான், ஆனால் பார்த்தாரே, குந்திப் பார்த்தாரே, விளங்கவில்லை என்றால் அப்படி விரலால் வழித்துப் பார்த்திருப்பாரா?

ஜெயச்சந்திரன் குடையை இடக்கைக்கு மாற்றினார். வலக்கையை அவளுக்கு முன்னால் நீட்டினார், உள்ளங்கை மேலே பார்க்க. "கார்த் திறப்பைத் தாரும். மழையும் கொட்டுது. வீடு போற மட்டும் நான் எடுக்கிறன், எப்பிடி ஓடுது எண்டு பாப்பம்." முகத்தில் ஒரு சின்னப் பையனின் ஆசை. அதில் ஒரு பிழையும் இல்லை, சும்மா கேட்கிறார், எப்போதும் கேட்பது போல, அந்தக் கை எப்போதும் அப்படி நீண்டிருக்கிறது, அவள் கை எப்போதும் அதில் எதையாவது வைத்திருக்கிறது, திறப்போ, கோப்பையோ, சம்பளக் கடுதாசியோ, யோசித்தா வைத்தாள்? அவளுடைய கை கோட்டுப் பைக்குள் இருந்தது. திறப்பு அதற்குள் இருந்தது. கை வெளியே வரவில்லை. ஏன் வரவில்லை? குளிருக்கு விறைத்துவிட்டதா? இல்லை, சூடாகத்தான் இருக்கிறது. கோபமா? கோபமே இல்லை, கொஞ்சம் முன்னாலும் கட்டிக்கொள்ளப் பார்த்தவள்தானே, இப்போதும் அந்த ஆசை அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்திலேயே இது ஒன்றும் இருக்கிறது, இரண்டும் எப்படி ஒரே நெஞ்சில்... வீடு பத்து நிமிடத் தூரம், கொடுத்தால் என்ன, நாளைக்கு முழுக்க நான்தானே ஓடப்போகிறேன், கொடுத்தால் என்ன? "இஞ்சரும்" என்றார் ஜெயச்சந்திரன், அவளுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து. கேட்டது. நன்றாகக் கேட்டது. ஏலாது, முடியாது என்கிற சொல்லை அவள் காய்ச்சலில் சொல்லியிருக்கிறாள், மாடிப்படிகளில் சொல்லியிருக்கிறாள், மேலதிக வேலைக்குக் கூப்பிட்டபோது சொல்லியிருக்கிறாள், இந்த முகத்தைப் பார்த்து ஒருநாளும் சொன்னதில்லை, இப்போது அது நாக்கின் நுனியில் வந்து நிற்கிறது, வெளியே வருமா, இல்லை விழுங்கிவிடுவாளா, தெரியவில்லை, ஆனால் அது தனியாக வரவில்லை, தனக்குப் பின்னால் ஒரு பெரிய சிரிப்பையும் இழுத்துக்கொண்டு வருகிறது என்பது மட்டும் அவளுக்குத் திடுக்கென்று தெரிந்தது.